கயிற்றுக்கு உள்ளே

சிறுபோக வெட்டு முடிந்து நாவிதன்வெளிப் பக்கம் வயல்கள் மொட்டையாகக் கிடந்த நாட்களில்தான் விளையாட்டுக் கழகத்தின் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கான வேலை தொடங்கியது. வயல் சொந்தக்காரர் சின்னப்போடியாருடைய பூமியில் வரம்புகளை இடித்து, ட்ரக்டரால் மண் தள்ளி வளைவுகளில் மேடு கட்டினார்கள். கச்சான் காற்று விடியவே எழும்பிவிடும். தாளடிகளுக்கு இடையில் இருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து வேலை செய்கிறவர்களின் கண்ணிலும் வாயிலும் கொட்டும். பகல் சோற்றைப் பிரித்தால் முதல் கவளத்திலேயே மண் நறநறக்கும்.

பிட் என்று சொல்லுகிற ஒடுங்கிய பாதைக்கு மருதமுனை அஷ்ரப்பைப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். ஓட்டத்தின் நடுவே வண்டிகள் வந்து நின்று பெற்றோல் அடித்துக்கொண்டு போகிற இடம் அது. அஷ்ரப் வளைகுடா நாடொன்றில் கார் ஓட்டத் திடலில் தீ அணைக்கிற குழுவில் வேலை செய்துவிட்டு வந்தவன். இப்போது பிரதான வீதியில் கராஜ் வைத்திருந்தான். காரைதீவு சுலக்சன் ஓடப்போகிற வண்டியும் அந்தக் கராஜில்தான் உருவானது. சுலக்சன் நெல் வெட்டு மெசின் ஓட்டுகிறவன். வெட்டு இல்லாத மாதங்களில் கராஜே கதியாகக் கிடப்பான். இருவரும் பழைய வண்டிச் சட்டம் ஒன்றை அறுத்து, ஒட்டி, சைலன்சரை உயர்த்தி, ஒரு வருடமாக அந்த வண்டியைக் கட்டினார்கள்.

அஷ்ரப் விதிகளில் கடுமையாக இருந்தான். வைக்கோல் கட்டு அடுக்கக் கூடாது, கச்சானுக்கு ஒரு பொறி போதும், பழைய டயர்தான் அடுக்க வேண்டும் என்றான். பிட்டுக்குள் சப்பாத்து இல்லாமல் செருப்போடு வரக்கூடாது. கயிறு தாண்டியதும் வண்டி நடை வேகத்துக்கு வந்துவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தாமல் பெற்றோல் மூடியைத் திறக்கக்கூடாது. வண்டிக்கு மூன்று பேருக்கு மேல் உள்ளே ஆள் இல்லை. கமறாக்காரர் எவராக இருந்தாலும் டயர் அடுக்குக்கு வெளியே, கயிற்றுக்கு அப்பால் நின்றுதான் எடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி விதிதான் வீட்டுக்குள் வந்தது.

அஷ்ரப் பிறந்தது நற்பிட்டிமுனையில். கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவி றம்ஸியாவின் வீட்டுக்குக் குடிவந்தவன். அதே வளவுக்குள் பின்வீட்டில் மாமி ஆமினா உம்மாவும் மச்சான் பஸாலும் இருந்தார்கள். பஸால் றம்ஸியாவுக்கு ஒரே தம்பி. 'கரைச்செய்தி' என்று இணையத்தில் ஒரு செய்திப் பக்கம் நடத்தினான். வீதி விபத்து, வாய்க்கால் உடைப்பு, ஒலுவில் துறைமுகத்து மணல், பாடசாலைப் பரிசளிப்பு என்று எதையும் விடமாட்டான். மைக்கைப் பிடித்தால் அவன் குரலே மாறிவிடும்.

போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கீரிமீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் சுங்கான் கருவாட்டுப் பொரியலும் இருந்தன. பஸால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மச்சான், கொழும்பு டீவிக்காரனுக்கு மட்டும் பிரஸ் ஜக்கட் குடுத்திருக்காங்களாமே. எங்களுக்குக் கயிறு. நாங்க என்ன மாடா?"

"அவங்களும் டயருக்கு வெளியதான். ஜக்கட் போட்டா பிட்டுக்குள்ள வரலாமெண்டு ஆரு சொன்ன?"

"வெளிய நிண்டா என்னத்த எடுக்கிற? புழுதியத்தான் எடுக்கலாம். புழுதிய ஆரு பாக்கிற?"

"பாக்காட்டிப் போகட்டும்."

ஆமினா உம்மா மருமகனின் சோற்றுக் கோப்பையில் இன்னுமொரு மீன் துண்டை வைத்தார். "கொழும்பு டீவியில அம்பாறைக்கி ஆள் எடுக்கிறாங்களாம் மகன். பிட்டுக்குள்ள ரெண்டு நிமிசம் எடுத்து அனுப்பு, பாத்துட்டுச் சொல்றமெண்டு இவனுக்குச் சொல்லிரிக்காங்க. முப்பது வயசாகப் போகுது. ஒரு இடத்தில ஒரு வேல எண்டு இரிந்தாத்தானே நாலு வீட்டில பொண்ணு கேட்டுப் போகலாம்."

"மாமி, நேத்து கழகத் தலைவர்ட மகனும் கமறாவோட வந்த. அவனையும் திருப்பித்தான் அனுப்பின. பெற்றோல் அடிக்கிற இடம் அது."

"தலைவர்ட மகனும் என்ட மகனும் உனக்கு ஒண்டா?"

அஷ்ரப் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். மாமி வைத்த மீன் துண்டு கோப்பையில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துப் பூனைக்குப் போடும்போது ஆமினா உம்மா மகளைப் பார்த்த பார்வை றம்ஸியாவுக்குச் சுட்டது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. கல்முனை, பாண்டிருப்பு, நிந்தவூர், திருக்கோவில் என்று எல்லா ஊர்களில் இருந்தும் சனம் ட்ரக்டர்களிலும் லொறிகளிலும் வந்து இறங்கியது. ஐஸ்கிறீம் வண்டிகளும் கடலைக்காரரும் வரம்பு நீளத்துக்கு நின்றார்கள். ஒலிபெருக்கியில் கழகத் தலைவர் விதிகளை வாசித்தார். வாசித்து முடிய முதலே பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

றம்ஸியா போகவில்லை. பகல் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பஸால் போன் எடுத்தான். அழுகிற குரல். கொழும்பிலிருந்து இரண்டாம் முறையும் கேட்டுவிட்டார்களாம். மச்சான் கண்டும் காணாததுபோல முகத்தைத் திருப்புகிறாராம். ஆமினா உம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

றம்ஸியா புருசனுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சலில் ஒன்றுமே விளங்கவில்லை. அவன் ஒதுக்கமாகப் போய்க் கதைத்தான்.

"என்ன புள்ள?"

"இஞ்ச பாருங்க, பஸால ஒரு அஞ்சி நிமிசம் உள்ள விடுங்களன்."

"ஏலா றம்ஸி. வேற என்னவும் கேளு."

"டயரோட ஒட்டிக்கிட்டு நிப்பானாம். அசைய மாட்டானாம்."

"அவன் அசையாம நிக்கிறவனா? வண்டியெல்லாம் பெற்றோலுக்கு வாற நேரம் புள்ள இது. போன வெய்யி."

அவன் வைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் வாயிலிருந்து அது வந்தது.

"பத்து வருசமா எங்கட உம்மாட வளவுக்குள்ளதான் இரிக்கீங்க. உம்மா உங்கள்ட்ட ஒண்டும் கேட்டதில்ல. இது ஒண்டத்தான் கேக்கிறா."

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்துபோனது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று றம்ஸியாவுக்கு உறைத்தது. திரும்பவும் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. ஆமினா உம்மா திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அஷ்ரப் கயிற்றடிக்குப் போனான். பஸாலின் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை ஒரு கையால் தூக்கினான்.

"டயர விட்டு அங்கால ஒரு காலும் வெக்காத. வெச்சா நானே உன்னத் தூக்கி எறிவன்."

"அல்லாஹ்வறிய வெக்கமாட்டன் மச்சான்."

அப்போது சுலக்சன்தான் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி அவன் பெயரைக் கத்திக் கத்திச் சனத்தை உசுப்பியது. அவனுக்கு முதல் ஒரு அக்கரைப்பற்று வண்டி பிட்டுக்குள் வந்து பெற்றோல் அடித்துக்கொண்டு புறப்பட்டது. அது கிளப்பிய புழுதியைக் கச்சான் அள்ளிப் பாதை முழுவதும் போர்த்தியது. அடுத்து வந்தவன் சுலக்சன். தலைக்கவசத்தோடு அவன் வருகிற வரவைக் கீழேயிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று பஸாலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தடியில் பூட்டிய போனை நீட்டிக்கொண்டு நடுப்பாதையில் போய்க் குந்தினான். அஷ்ரப் பெற்றோல் கேனைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது புழுதிக்குள் மச்சானின் முதுகு தெரிந்தது. அவன் கத்தினான். அந்த இரைச்சலுக்குள் யாருக்குக் கேட்கும்?

சுலக்சன் கண்டுவிட்டான். திருப்புவதற்கு ஒரே பக்கம்தான் இருந்தது, பெற்றோல் கேன்கள் இருந்த பக்கம். முன்சில்லு இரும்பு மேசையில் மோதியது. வண்டி அவனுடைய வலது காலுக்கு மேல் விழுந்தது. கேன் உடைந்து, பெற்றோல் சூடான சைலன்சரில் கொட்டித் தீப்பற்றியது. காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அஷ்ரப்பும் கராஜ் பொடியன்மார் இருவரும் தீயணைப்புச் சிலிண்டர்களை அடித்து அணைத்தார்கள். அணைய முதலே அஷ்ரப் வெறுங்கையால் வண்டியைத் தூக்கிச் சுலக்சனை இழுத்தெடுத்தான். முழங்கை வரைக்கும் அஷ்ரப்புக்குத் தோல் உரிந்துபோனது. பஸால் எழும்பி, பின்பக்கமாகவே நடந்து நடந்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

சுலக்சனை முதலில் கல்முனை ஆசுபத்திரிக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவனை மட்டக்களப்புக்கு ஏற்றிப் போன வண்டி போய்ச் சேர முதலே வீடியோ வந்துவிட்டது. வண்டி விழுகிற இடத்திலிருந்து அது தொடங்கியது. அதற்கு முந்தியதைப் பஸால் வெட்டியிருந்தான். தீ, அலறல், ஓடுகிற கால்கள். மேலே பஸாலின் குரல்: "உயிரைப் பொருட்படுத்தாது களத்தில் இருந்து கரைச்செய்திக்காகப் பஸால்." கொழும்பு டீவி அதை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் போட்டது. தேநீர்க் கடைகளில், பஸ்ஸில், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுழடியில்கூட அதைப் பார்த்தார்கள். சந்தையில் மீன் வாங்கப் போன றம்ஸியாவிடம் ஒருத்தி போனை நீட்டி, "இஞ்ச பாரு புள்ள, உன்ட மாப்பிள்ளட கை எரியிறத்த," என்று காட்டினாள்.

கழகம் கூடியது. பிட் பொறுப்பாளரின் கவனயீனமே காரணம் என்று அறிக்கை விட்டது. "என்னத் திருப்பி அனுப்பிட்டு மச்சான உள்ள விட்டவர்தானே" என்று தலைவரின் மகன் எழுதினான். அதற்குக் கீழே எழுதியவர்கள் அதோடு நிற்கவில்லை. தமிழ்ப் பொடியன் வெல்லப் போகிறான் என்று தெரிந்து சோனி செய்த வேலை என்று, முஸ்லிம்களை இழிக்கிற அந்தச் சொல்லாலேயே ஒருவன் எழுதினான். அதற்கு இந்தப் பக்கத்தில் இருந்து ஒருவன் பதில் எழுதினான். ஒரு கிழமைக்குள் காரைதீவு, பாண்டிருப்பு வண்டிகள் ஒன்றும் அஷ்ரப்பின் கராஜுக்கு வரவில்லை. மருதமுனை வண்டிகளும் குறைந்தன. கழகம் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் சொன்னது ஒன்றுதான்: "கயிறத் தூக்கினது என்ட கை."

காயத்துக்கு மருந்து போடும்போதுதான் றம்ஸியா உண்மையைக் கேட்டறிந்தாள்.

"பஸால் எங்க நிண்ட?"

"கேக்காத புள்ள."

"சொல்லுங்க."

"நடுவுல குந்திக்கிட்டு இரிந்த." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "சுலக்சன் நேர வந்திருந்தா அவன்ட கால் இப்ப இரிக்கும். உன்ட தம்பி இரிந்திருக்க மாட்டான்."

"அதக் கழகத்தில சொல்லல்லியா?"

"சொல்லி? ஏன் உள்ள விட்டதெண்டு அடுத்த கேள்வி வரும். ஆரு விடச் சொன்னதெண்டு அதுக்குப் பிறகு வரும். உன்ட பேர அந்தக் கூட்டத்தில கொண்டுபோய்ப் போடச் சொல்றியா?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். களைத்துப்போன குரலில் சொன்னான். அன்றிரவிலிருந்து அவன் மாமி வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. கடையில் ரொட்டி வாங்கி வந்து கராஜிலேயே சாப்பிட்டான்.

பஸாலுக்கு வேலை கிடைத்தது. டீவியின் பெயர் போட்ட மைக்கை ஆமினா உம்மா கையில் வாங்கி, அதன் பஞ்சைத் தடவிப் பார்த்தார். அயலுக்குப் பாயாசம் கொடுத்தார். றம்ஸியா தன் பங்குக் கோப்பையைக் கொண்டுபோய் உம்மாவின் வாசற்படியில் திருப்பி வைத்தாள்.

"நீ நடுவுல குந்தின எண்டு ஒருக்காச் சொல்லு தம்பி. அந்த மைக்கால சொல்லு. வேற ஒண்டும் வேணாம்."

"சொன்னா இந்த மைக்க நாளைக்கே வாங்கிருவாங்க ராத்தா. அவன்ட கால் திரும்பி வருமா?"

"உன்ட மச்சான்ட பேர் வரும்."

"அவர் ரெண்டு மாசத்தில மறந்திருவார். சனமும் மறந்திரும். நான் இந்தத் தொழில்ல இரிக்கிறவன், எனக்குத் தெரியும்."

ஆமினா உம்மா நடுவில் வந்தார். "மாப்பிள்ளைக்காகக் கூடப்பிறந்தவன அறுக்கப் பாக்கிறியா? அவர் ஆம்புள, தாங்குவார். இவனுக்கு இப்பதான் ஒரு வழி தெறந்திரிக்கி."

"வழி தெறந்ததில்ல உம்மா. நாமதான் கயிறத் தூக்க வெச்சம்."

"நீதான் போன் எடுத்த," என்றார் ஆமினா உம்மா.

அது உண்மை. அதற்கு மேல் றம்ஸியாவால் அந்த வாசலில் நிற்க முடியவில்லை.

சுலக்சனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் புருசனிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் காரைதீவுக்குப் போனாள்.

சுலக்சனின் தாய் செல்லத்தங்கம் நெல் அவித்துக் குத்தி விற்கிறவள். முற்றம் முழுவதும் பாய் விரித்து அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் பாய்க்கு மேல் காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். புழுங்கல் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. வந்தவள் யாரென்று கண்டும் அவள் நிற்கவில்லை.

"அஷ்ரப்புட பெண்சாதியா? வெயிலுக்க நிக்காத புள்ள. அந்த நிழலுக்க இரி."

சுலக்சன் விறாந்தையில் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். மழிக்காத முகம் பாதியாகியிருந்தது. அவளைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடினான். "அஷ்ரப் காக்காட கை எப்பிடி அக்கா?" என்று கேட்டான். அவனே முதலில் கேட்டுவிட்டதால் அவளுக்கு அழுகை வந்தது.

"காயம் மாறிட்டு வருது தம்பி." பிறகு தாயைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, நான் ஒண்டு சொல்ல வந்தனான். என்ட தம்பிய உள்ள விடச் சொல்லி அவருக்குப் போன் எடுத்தது நான். அவருக்கு மனமில்ல. நான்தான் சொல்லக் கூடாத சொல்லெல்லாம் சொல்லி விட வெச்ச. என்ட தம்பி நடுப்பாதையில குந்தி இரிந்ததாலதான் சுலக்சன்..."

"அக்கா!" என்றான் சுலக்சன். அவ்வளவு சத்தமாக அவன் கதைப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

செல்லத்தங்கத்தின் கால்கள் நெல்லுக்குள் நின்றுவிட்டன.

"என்ன சொல்றா இவ?"

"ஒண்டுமில்லம்மா."

"குந்தி இரிந்ததோ? ஆரு? அந்த வீடியோக்காரனோ?" அவள் பாயை விட்டு இறங்கி விறாந்தைக்கு வந்தாள். "வேகமா வந்திட்டன், பிடிக்க ஏலாமப் போயிற்று எண்டெல்லோ நீ சொன்னாய்?"

சுலக்சன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் கேட்டனான்தானே மனே? ஆசுபத்திரியில கேட்டன், இஞ்ச வந்தும் கேட்டன். ஒவ்வொரு நாளும் கேட்டன். என்ட பிழைதான் அம்மா எண்டாய்."

"வேற என்னத்தச் சொல்ற? வாட்டு வாசலில பத்துப் பொடியன்மார் வந்து நிண்டவனுகள், காக்காட கராஜப் போய்க் கொளுத்துவம் எண்டு. என்ட பிழையெண்டு சொன்னாத்தான் போவானுகள் எண்டு சொன்னன். போனானுகள். காக்கா என்ன எரியக்க இழுத்தவர் அம்மா. அவர்ட மச்சானெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒரு மனிசன்ட மேல ஏத்துறதா?" பிறகு றம்ஸியாவைப் பார்த்தான். "ஏன் அக்கா வந்தீங்க? நான் இத முடிச்சிட்டன். முடிச்சத்த ஏன் அவிழ்த்தீங்க?"

செல்லத்தங்கம் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். கையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள்.

"புள்ள, இவன் கால் போய்க் கிடக்கக்க நான் இவன என்னெல்லாம் ஏசினன் தெரியுமா? வேகம் வேகமெண்டு அலைஞ்சாய், இப்ப உன்னத் தூக்கி இறக்க நான் சாகுமட்டும் இரிக்கணுமோ எண்டு கேட்டன். சோத்தப் போட்டிட்டுக் கேட்டன். வாய் திறக்காமத் திண்டான். உன்ட தம்பியக் காப்பாத்தின புள்ளய நான் ரெண்டு மாசமா ஏசிக்கொண்டு கிடந்திரிக்கன்."

"அம்மா, மன்னிச்சிக்கங்க."

"நீ சொல்லிப்போட்டாய். உன்ட நெஞ்சு லேசாகிரும். நான் ஏசினத்த இனி எங்க கொண்டு போய்ப் போடுற?"

செல்லத்தங்கம் எழுந்தாள்.

"அவன வரச் சொல்லு. உன்ட தம்பிய. இவன்ட முகத்தப் பாத்து ஒருக்காச் சொல்லச் சொல்லு. பொடியன்மாருக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன், பயப்பிடாத. அவன் மட்டும் வரட்டும்."

நடந்ததை அறிந்ததும் அஷ்ரப் "சுலக்சன் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டான். கராஜைக் கொளுத்த வந்ததையும் அவன் திருப்பி அனுப்பியதையும் அவள் சொன்னபோது, கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

பஸால் முதலில் வரவே மாட்டேன் என்றான். இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து, "ஓம் ராத்தா, போவம்," என்றான். முகம் தெளிந்திருந்தது. றம்ஸியா அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள். காரைதீவில் இறங்கிய பிறகுதான் அவன் பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். தடி, போன், டீவியின் பெயர் போட்ட மைக்.

"இது என்னத்துக்குடா?"

"நான் மன்னிப்புக் கேக்கிறத்த எடுக்கத்தான். ஆபீசிலயும் சொல்லிட்டன். நல்லாரிக்கும், ரெண்டு சமூகத்துக்கும் நல்ல செய்தி எண்டாங்க. நடுவுல குந்தினத்தச் சொல்லத் தேவையில்ல. நடந்ததுக்கு மனம் வருந்துறன் எண்டா காணும். நீங்கதானே மைக்கால சொல்லச் சொன்ன?"

செல்லத்தங்கம் வாசல் படலையடிக்கு வந்திருந்தாள். அவளுடைய தங்கை மகள் ஒருத்தி உள்ளே விறாந்தையில் சுலக்சனுக்குச் சேட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். வருகிறார்கள் என்று அறிந்து அவனை முகம் மழிக்க வைத்திருந்தாள் தாய். அவள் பஸாலை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அதயெல்லாம் அங்க வெச்சிட்டு உள்ள வா மகன்."

"அம்மா, சும்மா ஒரு நிமிசம். வெளிச்சமும் நல்லாரிக்கி. இந்தப் படலையடியில நிண்டே..."

"வெச்சிட்டு வா."

பஸால் சகோதரியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ராத்தா, எடுக்காட்டி நான் வந்தனெண்டு ஆருக்குத் தெரியும்?"

கேட்டதில் வஞ்சகம் இல்லை. மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டான். விறாந்தையில் இருந்து சுலக்சன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சேட்டின் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தது.

"எங்களுக்குத் தெரியுமே," என்றாள் செல்லத்தங்கம்.

பஸாலின் போன் அடித்தது. ஆபீசில் இருந்து. "ஓம் சேர், இடத்துக்கு வந்திட்டன் சேர். இல்ல சேர், அவங்க விடுறாங்க இல்ல," என்று கதைத்துக்கொண்டே வீதியோரமாகப் போனான். போய், தடியை மடித்துப் பைக்குள் வைத்தான். "பொறகு ஒரு நாளைக்கி வருவம் ராத்தா," என்றான். றம்ஸியா ஏறவில்லை. அவன் கொஞ்ச நேரம் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்துவிட்டுக் கல்முனைப் பக்கமாகப் போய்விட்டான்.

செல்லத்தங்கம் உள்ளே போனாள். சுலக்சனின் சேட்டைக் கழற்றி உதறி மடித்து வைத்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து நெல்லுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. படலை திறந்தபடியே இருந்தது. றம்ஸியா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். நிழல் முற்றத்தின் பாதிக்கு வந்த பிறகு, பஸ் எடுக்க வீதிக்கு நடந்தாள்.